இலவச லினக்ஸுக்கு 'எண்டர்பிரைஸ்' கட்டணப் பதிப்பு தேவையா? காசு எதற்கு? சிக்கல் எங்கே? - முழு விவரம்

அரசு கொடுத்த லேப்டாப்பை ஆன் செய்தால் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும் திரை, தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி திட்டத்தின் ஆரம்ப காலத்தில், சென்னை என்றாலும் ஸ்ரீமுஷ்ணம் என்றாலும் இரண்டும் ஒரே லேப்டாப்பில் வந்தன. இதில் லினக்ஸ் அன்றும் இலவசம், இன்றும் இலவசம்.

அப்படியிருக்க, இதே லினக்ஸை சில நிறுவனங்கள் 'எண்டர்பிரைஸ்' என்ற பெயரில் ஆண்டுச் சந்தாவுக்குக் கொடுக்கின்றன. சும்மா கிடைக்குற பொருளுக்குக் காசு வாங்கலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

இலவசமா, கட்டற்றதா?

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லுக்கு ரெண்டு பொருள் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' வேறு. லினக்ஸ் கட்டற்ற மென்பொருள். யாரும் பயன்படுத்தலாம், உள்ளே இருக்கும் நிரல்களைப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆனால், விற்கக் கூடாது என்று அதன் ஜிபிஎல் உரிமத்தில் எங்கும் இல்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே, 1985-ல் தனது ஈமேக்ஸ் மென்பொருளை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர்தான்.

அப்போ காசு எதற்கு?

மென்பொருளுக்கு அல்ல, பொறுப்புக்கு. வீட்டு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் இணையத்தில் தேடி, நாலு பேரிடம் கேட்டுச் சரிசெய்துவிடலாம். நள்ளிரவில் ஒரு வங்கியின் சர்வர் நின்றுபோனால் அப்படிக் காத்திருக்க முடியாது. போன் போட்டால் எடுக்க ஆள், பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பாதுகாப்பு அப்டேட், குறிப்பிட்ட இயந்திரத்தில் ஓடும் என்ற உத்தரவாதம் - சந்தா இதற்குத்தான்.

இந்தச் சந்தா பணத்தில் ஒரு பகுதி லினக்ஸுக்கே திரும்பி வருகிறது. ரெட் ஹேட், சூசே, கனோனிக்கல் போன்ற நிறுவனங்களின் சம்பளப் பொறியாளர்கள் எழுதும் நிரல்கள், இலவசப் பதிப்பைப் பயன்படுத்துவோருக்கும் வந்து சேர்கின்றன.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

சி.உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த 2000-களின் பிற்பகுதியில், அரசுப் பள்ளிக் கணினிகளுக்கு சூசே லினக்ஸ் தேர்வு செய்யப்பட்டது. அப்போது அதன் பின்னால் நின்றது நோவெல் என்ற பன்னாட்டு நிறுவனம்.

பாஸ் லினக்ஸ் வேறு வழி. டெபியனை அடிப்படையாக வைத்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்காக சென்னை சி-டாக் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. மாணவருக்கு இலவசம், செலவு அரசுடையது. ஆக, ரெண்டு வழியிலும் யாரோ ஒருவர் காசு கொடுக்கத்தான் செய்கிறார்.

யாருமே காசு கொடுக்காவிட்டால்?

அதற்கு 2024 மார்ச் மாதம் ஒரு பாடம் கிடைத்தது. பெரும்பாலான லினக்ஸ்களில் இருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு கருவிக்குள் ரகசியப் பின்வாசல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக ஒரு தன்னார்வலர் சம்பளமில்லாமல் பராமரித்துவந்த கருவி அது. உதவி செய்வதாக வந்து, ரெண்டு ஆண்டுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர்தான் இந்த வேலையைச் செய்தார். லாகின் அரை நொடி தாமதமாவதைப் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கவனித்ததால் தப்பித்தோம்.

எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது?

காசு வாங்குவதால் அல்ல, சொன்ன வாக்கை மாற்றியதால். ரெட் ஹேட்டின் கட்டணப் பதிப்பை அப்படியே பின்பற்றி இலவசமாக வந்ததுதான் சென்ட்ஓஎஸ். 2014-ல் அந்தத் திட்டம் ரெட் ஹேட் குடைக்குள் வந்தது. 2019-ல் ரெட் ஹேட்டையே ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

2029 வரை அப்டேட் கிடைக்கும் என்று நம்பி நிறுவப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பரோடு முடிந்துவிடும் என 2020 டிசம்பரில் திடீர் அறிவிப்பு வந்தது. சர்வர்களை மாற்ற ஓராண்டுதான் அவகாசம். கோபத்தில் பிறந்தவைதான் ராக்கி லினக்ஸும் அல்மாலினக்ஸும். 2023 ஜூனில் கட்டணப் பதிப்பின் மூலநிரல்களைப் பொதுவெளியில் வைப்பதையும் ரெட் ஹேட் குறைத்துக்கொள்ள, சர்ச்சை மீண்டும் வெடித்தது.

நடுவழி இருக்கிறதா?

இருக்கிறது. உபுண்டுவின் எல்டிஎஸ் பதிப்புக்கு 5 ஆண்டு பாதுகாப்பு அப்டேட் இலவசம். ப்ரோ சந்தா எடுத்தால் 10 ஆண்டு. தனிநபர்கள் 5 கம்ப்யூட்டர் வரை ப்ரோவையும் காசில்லாமல் பயன்படுத்தலாம். 1993-ல் தொடங்கிய டெபியனிடம் கட்டணப் பதிப்பே கிடையாது. அதன் நீண்டகாலப் பராமரிப்புக்கு நிறுவனங்கள் நிதி கொடுக்கின்றன, பலன் எல்லோருக்கும் கிடைக்கிறது.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு லினக்ஸ் கட்டணப் பதிப்பு கொண்டுவந்தால் மூன்று கேள்வி கேட்டால் போதும்.

* இலவசப் பதிப்புக்கும் பாதுகாப்பு அப்டேட் ஒழுங்காக வருகிறதா?
* மூலநிரல்கள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றனவா?
* எத்தனை ஆண்டு ஆதரவு என்று சொன்னதைக் காப்பாற்றுகிறார்களா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால், கட்டணப் பதிப்பு இலவசப் பதிப்புக்கு உரம்தான். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் யோசிக்கணும்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. வீட்டு உபயோகத்துக்கு இலவசப் பதிப்பே தாராளம். ஆனால், நூறு பேரின் வேலை ஒரு சர்வரை நம்பி இருக்கும் அலுவலகம், அது நின்றுபோகும் நாளில் யாரைக் கூப்பிடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.