சுழியமும் வெற்றிடமும்



என் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் ஒருமுறை பத்து வாரங்கள் தொடர்ந்து மழை அளந்தார்கள். அவர்களது குறிப்பேட்டைக் கணினியில் ஏற்ற அமர்ந்தபோது நான் திகைத்துப் போனேன். சில நாள்களில் ‘12’ என்றும் சில நாள்களில் ‘1.2’ என்றும் எழுதியிருந்தது. மில்லிமீட்டரா, சென்டிமீட்டரா என்ற குறிப்பு இல்லை. ஏழு நாள்களுக்குரிய கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அவசரத்தில் அவற்றில் சுழியத்தை இட்டு நிரப்பிவிட்டேன். மறுநாள் ஒரு மாணவி தயங்கியபடி சொன்னாள்: “ஆசிரியரே, அன்றைக்கு மழை பெய்தது. தேக்காவில் நானும் பாட்டியும் நனைந்தோம். விடுமுறை என்பதால் நாம்தான் அளக்கவில்லை.”

‘மழை இல்லை’ என்பது வேறு. ‘அளக்கவில்லை’ என்பது வேறு. பருவநிலை அறிவியலாளர்கள் பெரிதும் அஞ்சும் பிழையை நான் செய்திருந்தேன். அதன் பின்னர்தான் இத்துறையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

நம் தீவில் வானிலையை எழுதிவைக்கும் வழக்கம் பழமையானது. 1841 முதல் 1845 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் காந்தவியல் ஆய்வுக்கூடம் ஒன்று இங்கே இயங்கியது. அதை நடத்தியவர் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் எலியட். அவருடைய வானிலை அட்டவணைகள் 1850இல் மதராஸில் அச்சாயின. அந்த மதராஸில் 1792இலேயே வான் ஆய்வகம் அமைந்துவிட்டது. 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகளும் எழுதப்பட்டன.

எண்களைச் சேர்த்தால் மட்டும் போதாது என்பதை உணர்த்தியது பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியதைத் தமிழர்கள் தாது வருடப் பஞ்சம் என்பார்கள். 1875இல் தோன்றிய இந்திய வானிலைத் துறைக்குப் பருவமழையை முன்னறிவது உயிர்ப் பிரச்சினையாயிற்று. 1904இல் அதன் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் பயின்ற கணித அறிஞர். உலகின் பல நிலையங்களிலிருந்து வந்த காற்றழுத்தம், வெப்பநிலை, மழை அளவுகளை ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தி, எந்த இரண்டு வரிசைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று ஒட்டுறவு கண்டார். அன்று மனிதர்களே கணினிகள். இந்திய எழுத்தர்கள் பலர் கையாலேயே இக்கணக்குகளைப் போட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோரை வரலாறு பெயர்சொல்லி நினைவுகூர்வதில்லை.

பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது என்பதைக் கண்டு, 1920களில் அதற்குத் ‘தென் அலைவு’ என்று வாக்கர் பெயரிட்டார். 1969இல் யாக்கோபு பியர்க்னெஸ் இதனை எல் நினோவுடன் இணைத்து விளக்கினார். எல் நினோ வலுத்திருந்த 1997ஆம் ஆண்டுதான் சிங்கப்பூரின் பதிவுகளில் மிக வறண்ட ஆண்டு.

இதே வாக்கர்தான் 1913 பிப்ரவரியில் மதராஸ் வந்தபோது, துறைமுகத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனின் கணக்குகளைக் கண்டு வியந்து, பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

இன்று எழுத்தர்களின் இடத்தில் மீக்கணினிகள் இருக்கின்றன. உலக மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலமுடையது என்றால், நம் நாடு முழுவதும் அதற்குள் மறைந்துவிடும். ஆகவே 2013இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்ப் பருவநிலை ஆய்வு மையம், தென்கிழக்காசியாவை 8 கிலோமீட்டர் கட்டங்களாகவும் சிங்கப்பூர் வட்டாரத்தை 2 கிலோமீட்டர் கட்டங்களாகவும் நுணுக்கிக் கணக்கிட்டது. 2024 ஜனவரியில் முடிவுகள் வெளியாயின. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் நம்மைச் சூழ்ந்த கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது அந்த ஆய்வு.

இத்தகைய ஆய்வில் குவியும் கோப்புகள் கணக்கற்றவை. அவற்றை ஒழுங்குபடுத்தும் முறை நம் வகுப்பறைக்கும் பொருந்தும். கோப்பின் பெயரிலேயே எந்த அளவு, எந்த மாதிரி, எந்தக் காலம் என்பவை வரிசையாக அமையும். ‘நெட்சிடிஎஃப்’ என்னும் கோப்பு வடிவம், எண்களோடு அவற்றின் அலகையும் இடத்தையும் நாளையும் சேர்த்தே சுமக்கும். அளவு இல்லாத இடத்துக்குத் தனிக் குறியீடு உண்டு. மூலக் கோப்பில் எவரும் கைவைப்பதில்லை. திருத்தங்களை நகலில்தான் செய்வார்கள்.

அந்தத் தனிக் குறியீடு ஏன் தேவை? சிங்கப்பூரின் வெப்பநிலைப் பதிவு 1929இல் தொடங்குகிறது. போரின் காரணமாக 1942 முதல் 1947 வரை அதில் இடைவெளி உள்ளது. அந்த இடத்தில் நான் செய்ததுபோல் சுழியத்தை இட்டால், நம் தீவு ஆறாண்டுகள் பனிக்கட்டியாய் உறைந்து கிடந்ததென்று கணினி நம்பிவிடும்! வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டால்தான் அங்கே ஒரு போர் நடந்தது என்ற உண்மையும் நிலைக்கும்.

நாங்கள் அந்த ஏழு சுழியங்களையும் அழித்து ‘அளக்கவில்லை’ என்று எழுதினோம். அலகு தெரியாத எண்களை நீக்கவில்லை. பக்கத்தில் ஐயக்குறி இட்டோம். அட்டவணை முன்பைவிட அழகு குறைந்துதான் போயிற்று. ஆனால் அதில் பொய் இல்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டில் எதையேனும் அளந்து எழுதினால், விடை சரியா என்று பார்ப்பதற்கு முன் நாளும் அலகும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதியிருந்தால், தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். அதுவே நல்ல அறிவியலின் முதல் பாடம்.