ஆங்கிலத் தற்சுட்டுப் பெயர்களின் வரலாறு

செய்பவரும் செயலுக்கு உள்ளாகுபவரும் ஒருவரே என்பதைக் காட்ட ஆங்கிலத்தில் மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப் முதலிய தற்சுட்டுப் பெயர்கள் வருகின்றன. இவை அம்மொழியில் ஆதியிலிருந்தே அமைந்தவை அல்ல. பழைய ஆங்கிலத்தில் 'அவனை', 'தன்னை' இரண்டுக்கும் ஒரே சொல் வழங்கியது; இடம் நோக்கியே பொருள் கொள்ளப்பட்டது. 'செல்ஃப்' அன்று அழுத்தம் தரும் தனிச்சொல். இடைக்கால ஆங்கிலத்தில் அது பிரதிப்பெயரோடு ஒட்டித் தற்சுட்டாக நிலைபெறத் தொடங்கியது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில்கூடப் பழைய வழக்கின் சுவடுகள் உள்ளன.

ஒட்டிய முறை சீரானதன்று. 'மை', 'யுவர்' ஆகியவை உடைமை வடிவங்கள். 'ஹிம்', 'தெம்' ஆகியவை செயப்படுபொருள் வடிவங்கள். 'மீ' என்பது ஒலி தேய்ந்து 'மை' ஆக உணரப்பட்டதும், 'செல்ஃப்' பெயர்ச்சொல்லாகக் கொள்ளப்பட்டதும் இதற்குக் காரணம் என்பர். 'ஹிஸ்செல்ஃப்' என மாணவர் எழுதுவது இந்த ஒழுங்கின்மையால்தான். 'செல்வ்ஸ்' என்ற பன்மை 16ஆம் நூற்றாண்டில் பரவியது.

தமிழில் தான், தாம் என்பன பழமையானவை. தொல்காப்பியம் முன்னதை ஒருமைக்கும் பின்னதைப் பன்மைக்கும் உரியதாக்குகிறது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணமும் 'தான்' பற்றித் தனியே ஆராய்கிறது. ஆனால் 'தான்' படர்க்கைக்கே உரியது. தன்மையில் 'என்னை நானே' என்கிறோம். பல இடங்களில் 'கொள்' என்ற துணைவினையே போதும்: 'அவன் வெட்டிக்கொண்டான்'.

இவ்விரு மொழிகளின் முறைகளும் ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவரிடம் சந்திக்கின்றன. இலங்கைத் தமிழரிடையே உயர்நிலை ஆங்கிலக் கல்விக்கு 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி முன்னோடி. 1940களில் எழுந்த மத்திய பாடசாலைகளும் இலவசக் கல்வியும் ஆங்கிலத்தை நாட்டுப்புறங்களுக்குக் கொண்டுசென்றன. இன்று மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை போன்ற சிற்றூர்கள் வரை அது இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது.

தமிழ் மாணவருக்கு இடறல் தருவது எல்லை வேறுபாடு. 'கண்ணன் தன்னை அடித்ததாக ராமன் சொன்னான்' என்பதில் 'தன்னை' ராமனைச் சுட்டலாம். அதே இடத்தில் ஆங்கில 'ஹிம்செல்ஃப்' கண்ணனையே சுட்டும்; ராமனைக் குறிக்க 'ஹிம்' வேண்டும். 'தன்னை' வருமிடமெல்லாம் 'ஹிம்செல்ஃப்' இடும் பழக்கத்தைத் திருத்த, வடிவப் பட்டியலோடு இவ்வெல்லையையும் சேர்த்தே கற்பிப்பது அவசியம்.