தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயம்

இந்தியத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்களுக்குள்ளும் அரசோடும் நடத்தும் வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதி அமைப்பு இது. டிடிசாட் என்ற சுருக்கப் பெயரே புழக்கத்தில் உள்ளது, இருப்பிடம் புதுடெல்லி.

1997ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணத்தை நிர்ணயிக்கும் வேலையையும் தகராறு தீர்க்கும் வேலையையும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடமே ஒப்படைத்திருந்தது. உரிமம் தரும் அரசே தொலைபேசித் தொழிலும் நடத்திய காலம் அது. மோதல் வராமல் இருந்தால்தான் வியப்பு. உரிமம் வழங்கும் அரசின் அதிகாரத்தில் டிராய் குறுக்கிட முடியாது என்று 1998இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. 2000 ஜனவரியில் அவசரச் சட்டம் வந்தது. ஒழுங்குமுறை டிராயிடம் நின்றது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு புதிய தீர்ப்பாயத்துக்கு மாறியது. முதல் தலைவர் நீதிபதி சுகாஸ் சி. சென். இவ்வழக்குகளை சிவில் நீதிமன்றங்கள் எடுக்க முடியாது; மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்குத்தான். 2004இல் ஒளிபரப்பும் கேபிளும் தீர்ப்பாயத்தின் வரம்பில் சேர்ந்தன. அதன்பின் சேனல் நிறுவனங்களும் கேபிள் ஆபரேட்டர்களும் சந்தா பாக்கிக்காக இங்கே படியேறினார்கள்.

பெரிய வழக்கு ஏஜிஆர், அதாவது உரிமக் கட்டணத்துக்காகக் கணக்கிடப்படும் சரிக்கட்டிய மொத்த வருவாய் பற்றியது. வருவாயில் ஒரு பங்கை உரிமக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். வங்கி வட்டி, வாடகை, பழைய சொத்து விற்ற லாபம் இவையெல்லாம் அந்த வருவாயில் சேருமா? 2003இல் தொடங்கிய வழக்கில் 2007இல் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2015இல் தீர்ப்பாயம் மறுபடியும் நிறுவனங்கள் பக்கமே நின்றது. 2019 அக்டோபர் 24இல் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளி, அரசின் விளக்கத்தை ஏற்றது. உரிமக் கட்டண பாக்கி மட்டுமே சுமார் 92,000 கோடி ரூபாய் என்று அரசு கணக்குக் காட்டியது. மனுக்களை 90 நாட்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடத்தில் தொடங்கிய வழக்கு, பதினாறு ஆண்டுகள் இழுத்தது.

டிராயின் விதிமுறைகள் செல்லுமா என்று பார்க்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இல்லை என 2013இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. பின்னாளில் கேபிள் கட்டண விதிகளை எதிர்த்த ஸ்டார் இந்தியாவும் விஜய் தொலைக்காட்சியும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது அதனால்தான்.

ஒரு பக்கம் அதிகாரம் குறைய, மறுபக்கம் வேலை கூடியது. 2017இல் சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பணியும் விமான நிலையக் கட்டண மேல்முறையீடுகளும் இங்கே வந்தன. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே மேல்முறையீட்டு அமைப்பாக்கியது. தனி சந்தாதாரரின் பில் புகாருக்கு மட்டும் இங்கே இடமில்லை. அவர் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.