மருந்துச் சீட்டில் பால், காய்கறி

அமெரிக்காவின் மிஸிஸிப்பி டெல்டாவில் பருத்திதான் பிழைப்பாக இருந்தது. 1960-களுக்குள் பருத்தி பறிக்க இயந்திரம் வந்துவிட்டது. களையெடுக்கும் கைகளுக்குப் பதில் களைக்கொல்லி வந்தது. தலைமுறைகளாகப் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பினக் குடும்பங்களுக்கு வேலை போயிற்று. கிணறு கிடையாது, கழிப்பறை கிடையாது. குழந்தைகளுக்குச் சத்துக்குறைவு, ஓயாத வயிற்றுப்போக்கு.

அங்கே பாலிவர் மாவட்டத்தில் மவுண்ட் பயூ என்றொரு ஊர். அடிமைகளாக இருந்தவர்கள் 1887-ல் உருவாக்கியது. வெள்ளையர் மருத்துவமனைகளில் கறுப்பினத்தவருக்குப் பின்வாசல்தான் என்றிருந்த காலத்தில், 1942-லேயே இங்கே ஒரு கறுப்பினச் சகோதரச் சங்கம், உறுப்பினர் சந்தாவை நம்பி டபோரியன் மருத்துவமனையைத் திறந்தது. அதில் அவர்கள் முன்வாசல் வழியாகவே நுழைந்தார்கள்.

இந்த ஊருக்குத்தான் 1960-களின் நடுவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் ஜாக் கைகர் வந்தார். மாணவராக இருந்தபோது தென்னாப்பிரிக்காவின் ஃபோலேலாவில் மக்கள் சுகாதார நிலையம் நடப்பதைக் கண்டவர். நிறவெறி ஆட்சியின் கீழ் கற்றதை அமெரிக்காவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது என்பது வேடிக்கைதான். கூட்டாட்சி அரசின் நிதியில் டெல்டா சுகாதார நிலையம் பிறந்தது.

சத்தில்லாத குழந்தைகளுக்கு அதன் மருத்துவர்கள் என்ன மருந்து எழுதினார்கள்? பால், காய்கறி, இறைச்சி. சீட்டைக் காட்டினால் மளிகைக் கடைக்காரர் பொருளைக் கொடுப்பார். பில் நிலையத்தின் மருந்துக் கணக்கில் ஏறும். மருந்துப் பணத்தில் மளிகையா என்று கேட்க வாஷிங்டனிலிருந்து அதிகாரி வந்தார். பசி நோய்க்குச் சோறுதான் மருந்து என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறதே என்றார் கைகர். வந்தவரிடம் பதில் இல்லை.

இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஜான் ஹேட்ச் பெயரைச் சொல்பவர்கள் குறைவு; எனக்கு அவர்தான் முக்கியம். கறுப்பினச் சமூகப் பணியாளரான அவர் ஊர் ஊராகச் சுகாதாரச் சங்கங்களைக் கூட்டினார். எது முதலில் வேண்டும் என்று மக்களையே கேட்டார். கிணறுகள் தோண்டப்பட்டன, கழிப்பறைகள் எழுந்தன. சீட்டு எழுதி எத்தனை நாள் சாப்பிடுவது? பருத்தி விளைந்த மண்ணிலேயே கூட்டுறவுப் பண்ணை வைத்துக் காராமணியும் கீரையும் சர்க்கரைவள்ளியும் பயிரிட்டார்கள்.

டெல்டா நிலையம் இன்றும் இயங்குகிறது. அந்த வழியில் எழுந்த சமூகச் சுகாதார நிலையங்களில் அமெரிக்கா முழுவதும் 3 கோடிக்கும் அதிகமானோர் சிகிச்சை பெறுகிறார்கள்.