உட்பொதி லினக்ஸில் மென்பொருள் பொதிகளின் பராமரிப்பு: ஒரு வரலாறு

வீட்டு ரவுட்டர், தொலைக்காட்சிப் பெட்டி, மருத்துவமனைக் கருவி, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்ற சாதனங்களுக்குள் மறைந்திருந்து இயங்கும் லினக்ஸ் இயங்குதளமே உட்பொதி லினக்ஸ் ஆகும். கணினியில் நிறுவப்படும் லினக்ஸ் வழங்கல்களைப் போல இதை ஆயத்தமாகப் பதிவிறக்கிக்கொள்ள முடிவதில்லை. கெர்னல், அடிப்படை நிரலகங்கள், சிறு கருவிகள் என நூற்றுக்கணக்கான மென்பொருள்களின் மூலநிரல்களைத் திரட்டி, சாதனத்தின் செயலிக்கு ஏற்பக் கட்டி, ஒரே படிமமாக்கி ஏற்ற வேண்டும். இவ்வேலையைச் செய்பவை கட்டமைப்பு அமைப்புகள். பில்ட்ரூட், ஓப்பன்எம்பெடட், யோக்டோ, ஓப்பன்டபிள்யூஆர்டி ஆகியவை இவற்றுள் அறியப்பட்டவை. இவற்றில் சேர்க்கப்படும் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதி எனப்படுகிறது.

ஒரு பொதியைச் சேர்ப்பது ஒருநாள் வேலை. அதை ஆண்டுக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் பெரும்பாடு. உட்பொதி லினக்ஸின் வரலாற்றைப் புதிய வசதிகளின் வரலாறாக எழுதுவது வழக்கம். ஆனால் இருபதாண்டுகளில் அதிக மனித உழைப்பை விழுங்கியது இந்தப் புதுப்பித்தல் வேலையே.

தொடக்கம்

1990களின் பிற்பகுதியில் லினக்ஸைச் சிறு சாதனங்களில் இயக்க விரும்பியவர்கள் எல்லாவற்றையும் கையாலேயே கட்டினர். புரூஸ் பெரன்ஸ் டெபியன் நிறுவல் வட்டுக்காக எழுதிய பிசிபாக்ஸ், பல கட்டளைகளை ஒரே சிறு நிரலுக்குள் அடக்கியதால் இவர்களுக்குக் கைகொடுத்தது. பின்னர் அதைப் பராமரித்த எரிக் ஆண்டர்சன், சிறு சாதனங்களுக்கென யூசிலிப்சி என்னும் சி நிரலகத்தையும் உருவாக்கினார். அந்த நிரலகத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக 2001 அளவில் எழுந்த மேக் கோப்புகளின் தொகுப்பே பில்ட்ரூட். சோதனைக்கென்று பிறந்ததால், தொடக்கத்தில் அதற்கு நிலையான வெளியீடு என்ற ஒன்றே இருக்கவில்லை. யாருக்கு எந்தப் பொதி தேவையோ அதை அவரவர் சேர்த்தனர். சேர்த்தவர் சென்ற பின் அதைக் கவனிக்க ஆளில்லை. 2009இல் பீட்டர் கோர்ஸ்கார்டு பராமரிப்புப் பொறுப்பை ஏற்று 2009.02 என்ற முதல் நிலையான பதிப்பை வெளியிட்டார். மூன்று மாதத்திற்கொரு வெளியீடு என்ற ஒழுங்கு அன்றுமுதல் நிலவுகிறது.

இன்னொரு கிளை கைக்கணினியிலிருந்து வந்தது. ஷார்ப் நிறுவனத்தின் ஜாரஸ் எஸ்எல்-5500 கருவி 206 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 16 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகமும் கொண்டது. அதற்கு மாற்று மென்பொருள் செய்த ஓப்பன்ஜாரஸ் குழுவினரிடமிருந்து 2003இல் ஓப்பன்எம்பெடட் தோன்றியது. கிறிஸ் லார்சன், மைக்கேல் லாயர், ஹோல்கர் ஷூரிக் ஆகியோர் இதன் முன்னோடிகள். 2004 டிசம்பரில் கிறிஸ் லார்சன் இதை இரண்டாகப் பிரித்தார். வேலைகளை வரிசைப்படுத்தி இயக்கும் பகுதி பிட்பேக் ஆனது. எந்த மென்பொருளை எங்கிருந்து எடுத்து எப்படிக் கட்டுவது என்று சொல்லும் குறிப்புகள் தனியே நின்றன. ஜென்டூ லினக்ஸின் போர்ட்டேஜ் அமைப்பே இதற்குத் தூண்டுதல். ‘பேக்’ என்றால் அடுமனை வேலை. ஆகவே குறிப்புகளுக்கு ‘ரெசிப்பி’ என்ற பெயரும் பொருத்தமாக ஒட்டிக்கொண்டது.

மேம்படுத்தல் ஏன் கடினம்?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, ரெசிப்பியில் பதிப்பு எண்ணை மாற்றினால் போதும் என்று தோன்றும். சில பொதிகளில் அப்படியே நடந்தும் விடுகிறது. ஆனால் உட்பொதி உலகில் நிரலைக் கட்டும் கணினி ஒன்று, அது ஓடப்போகும் சாதனம் வேறொன்று. பல மென்பொருள்களின் கட்டமைப்பு நிரல்கள், தாம் கட்டப்படும் கணினியிலேயே ஓடப்போவதாக எண்ணிக்கொண்டு ஒரு சிறு சோதனை நிரலை இயக்கிப் பார்க்கும். ஏஆர்எம் செயலிக்காகக் கட்டிய நிரல் எக்ஸ்86 கணினியில் ஓடாது. இன்னும் மோசமாக, கணினியில் இருக்கும் நிரலகத்தைச் சாதனத்தின் நிரலகம் என்று தவறாக எடுத்துக்கொள்ளவும் கூடும். இவற்றைச் சரிசெய்யப் பராமரிப்பாளர்கள் ‘பேட்ச்’ எனப்படும் ஒட்டுகளைப் போடுகின்றனர். மூல ஆசிரியர் புதிய பதிப்பை வெளியிட்டதும் பழைய ஒட்டு புதிய துணியில் பொருந்தாமல் போகும். ஒட்டின் நோக்கத்தைப் புரிந்து அதை மறுபடி தைக்க வேண்டும், அல்லது இனி தேவையில்லை என்று உறுதிசெய்து எடுத்துவிட வேண்டும். எழுதியவர் காரணத்தைக் குறிப்பிடாமல் போயிருந்தால் அங்கேயே வேலை நின்றுவிடும்.

இதற்கு ஓப்பன்எம்பெடட் சமூகம் கண்ட தீர்வு மிக எளியது. ஆயினும் அதன் பயன் பெரிது. ஒவ்வொரு ஒட்டின் தலைப்பிலும் ‘அப்ஸ்ட்ரீம்-ஸ்டேட்டஸ்’ என்றொரு வரி இருக்க வேண்டும் என்று விதித்தனர். மூல ஆசிரியருக்கு அனுப்பப்பட்டதா, புதிய பதிப்பிலிருந்து பின்கொண்டு வரப்பட்டதா, மறுக்கப்பட்டதா, வெளியே அனுப்பத் தகாததா என்பதை அந்த வரி சொல்லும். பின்கொண்டு வரப்பட்டது எனில், அடுத்த மேம்படுத்தலில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடலாம் என்று பெரும்பாலும் சொல்லலாம். ‘நிலுவையில்’ என்று மட்டும் எழுதப்பட்டவை சோம்பலின் அடையாளமாகவே கருதப்பட்டன. ஒட்டை மூல ஆசிரியரிடமே சேர்ப்பிப்பது அன்றைக்குக் கூடுதல் வேலை. பத்தாண்டுக்கு அது மிச்சப்படுத்தும் வேலையோ பல மடங்கு.

யோக்டோவும் தானியங்கிக் கருவிகளும்

லண்டனில் இருந்த ஓப்பன்டுஹேண்ட் என்ற சிறு நிறுவனம் ஓப்பன்எம்பெடடிலிருந்து தேர்ந்தெடுத்த பொதிகளைக் கொண்டு போக்கி என்ற தொகுப்பைப் பராமரித்து வந்தது. 2008இல் இன்டெல் அந்நிறுவனத்தை வாங்கியது. 2010 அக்டோபரில் லினக்ஸ் அறக்கட்டளை யோக்டோ திட்டத்தை அறிவித்தபோது அதன் அடித்தளமாகப் போக்கியே அமைந்தது. ரிச்சர்ட் பர்டி அதன் தலைமை வடிவமைப்பாளராகத் தொடர்ந்தார். மறு ஆண்டில் ஓப்பன்எம்பெடடும் யோக்டோவும் ஒரே மையத் தொகுப்பைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டன. ஆயிரக்கணக்கான ரெசிப்பிகள் ஒரே குவியலாகக் கிடந்த பழைய நிலை மாறி, மையத்தில் சில நூறும் மற்றவை வெளி அடுக்குகளிலும் என்று பிரிந்தன. எல்லாவற்றையும் எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்றிருந்தால் எதையும் யாரும் பார்ப்பதில்லை என்பதைப் பழைய குவியல் காட்டியிருந்தது. மையத்திலுள்ள ஒவ்வொரு ரெசிப்பிக்கும் எதிரே ஒரு பராமரிப்பாளர் பெயரை எழுதிவைக்கும் கோப்பு உருவானது. பில்ட்ரூட்டிலும் இதே நோக்கில் ‘டெவலப்பர்ஸ்’ என்ற கோப்பு வந்தது.

அடுத்து வந்தவை கருவிகள். யோக்டோவின் ‘டெவ்டூல் அப்கிரேட்’ கட்டளை புதிய பதிப்பை இறக்கி, பழைய ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் புதிய மூலநிரலின்மேல் பொருத்திப் பார்க்கும். பொருந்தாததை மட்டும் மனிதரிடம் விடும். சரிபார்ப்புக் கூட்டுத்தொகையைத் தானே மாற்றும். உரிமக் கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை ரெசிப்பியிலேயே எழுதிவைத்து, படித்துப் பார்க்கச் சொல்லும். ஆண்டு எண் மாறியதா, உரிமமே மாறியதா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் பராமரிப்பாளர்தான். இக்கட்டளையை எல்லா ரெசிப்பிகள் மீதும் ஓட்டி, கட்டிப் பார்த்து, வெற்றியோ தோல்வியோ முடிவைப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பும் தானியங்கியும் பின்னர் வந்தது. பில்ட்ரூட் வேறு வழியில் சென்றது. தற்செயலாகத் தேர்ந்த அமைவுகளை இரவும் பகலும் கட்டிக்கொண்டே இருக்கும் கணினிகளை அது நிறுவியது. ஒருவர் ஒரு நிரலகத்தை மேம்படுத்தினால், அவர் கேள்விப்பட்டேயிராத செயலியில் வேறொரு பொதி உடைவதை இவ்வாறுதான் அறிய முடிந்தது.

உரிமத்தால் உறைந்த பொதிகள்

எல்லாத் தேக்கத்திற்கும் காரணம் தொழில்நுட்பம் அன்று. 2007 ஜூன் 29இல் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வெளியானது. நுகர்வோர் சாதனத்தில் மாற்றிய மென்பொருளைப் பயனர் நிறுவிக்கொள்ள வழிவிட வேண்டும் என்ற அதன் விதி பல உற்பத்தியாளர்களுக்கு உவப்பாக இல்லை. அவர்கள் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வந்த கடைசி வெளியீடுகளிலேயே நின்றுவிட்டனர். பேஷ் 3.2, கோர்யூடில்ஸ் 6.9 போன்றவை இவ்வாறு ரெசிப்பிகளில் பல்லாண்டு உறைந்து கிடந்தன. மூல ஆசிரியர்கள் அவற்றை விட்டு வெகுதூரம் சென்றுவிட்டிருந்தனர்.

2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் எனப்பட்ட ஓட்டை பேஷில் கண்டறியப்பட்டபோது இந்த உறைவின் விலை தெரிந்தது. நல்வாய்ப்பாக, பேஷின் பராமரிப்பாளர் பழைய பதிப்புகளுக்கும் ஒட்டுகளை வெளியிட்டார். எல்லா மென்பொருளுக்கும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை. பின்னாளில் யோக்டோ இந்தப் பழைய ரெசிப்பிகளை மையத்திலிருந்து அகற்றித் தனி அடுக்கில் வைத்தது. பழையது தேவைப்பட்டோர் பலர் இருந்தபோதும் அதைப் பேண முன்வந்தோர் மிகச் சிலரே.

அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் இதற்கு நேர்மாறான வாதத்திற்கு இடங்கொடுத்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளே பாதிக்கப்பட்டன, 0.9.8இல் தங்கிவிட்ட சாதனங்கள் தப்பின. “மேம்படுத்தாததே நல்லதாயிற்று” என்று சொல்ல இது வசதியாக இருந்தது. ஆனால் 0.9.8க்கான ஆதரவு 2015 முடிவில் நின்றது. 2016இல் வந்த 1.1.0 உள்ளமைப்பையே மாற்றியதால் அதைச் சார்ந்த ஏராளமான பொதிகள் கட்டப்பட மறுத்தன. யோக்டோ சில வெளியீடுகளுக்குப் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்திருக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு படியாக ஏறியவர்களுக்கு இது சில வாரச் சிரமம், 0.9.8இலிருந்து ஒரே தாவலில் வர முயன்றவர்களுக்கு ஏறத்தாழ மறுபடைப்பு.

ஆளற்றுப்போதலும் இடமற்றுப்போதலும்

பில்ட்ரூட்டைப் பெற்றெடுத்த யூசிலிப்சிக்கே ஒரு கட்டத்தில் ஆளில்லாமல் போனது. 2012இல் வந்த 0.9.33.2 வெளியீட்டிற்குப் பின் புதிய வெளியீடு வரவில்லை. கட்டமைப்பு அமைப்புகள் ஒவ்வொன்றும் தத்தம் ஒட்டுகளை அதன்மேல் குவித்தன. வால்டெமர் பிராட்கார்ப் அவற்றைத் திரட்டி 2014இல் யூசிலிப்சி-என்ஜி என்ற கிளையைத் தொடங்கினார். ஓப்பன்டபிள்யூஆர்டி 2015இல் முற்றிலும் வேறான மஸ்ல் நிரலகத்திற்கு மாறியது.

ஓப்பன்டபிள்யூஆர்டியின் கதையில் இன்னொரு தடை உண்டு. 2004 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டம், லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்காக அந்நிறுவனம் வெளியிட வேண்டிவந்த மூலநிரலிலிருந்து பிறந்தது. அந்த ரவுட்டரின் கம்பியில்லா வலைச் சில்லுக்கான இயக்கி மட்டும் மூலநிரலின்றி, 2.4 கெர்னலுக்காகக் கட்டப்பட்ட இருமக் கோப்பாகவே கிடைத்தது. உலகம் 2.6க்குச் சென்ற பிறகும் அந்த ஒரே கோப்புக்காகப் பழைய கெர்னலை இழுத்துக்கொண்டு பல ஆண்டுகள் நடக்க நேர்ந்தது. வேறொரு விலையும் உண்டு. கெர்னலும் பொதிகளும் பதிப்புக்குப் பதிப்பு பருத்தன. 4 மெகாபைட் ஃபிளாஷ் போதுமென்றிருந்த இடத்தில், 21.02 வெளியீட்டில் குறைந்தது 8 மெகாபைட் ஃபிளாஷும் 64 மெகாபைட் நினைவகமும் தேவை என்றாயிற்று. பாதுகாப்பிற்காகச் செய்த மேம்படுத்தலே, நன்றாக உழைத்துக்கொண்டிருந்த பழைய ரவுட்டர்களை வெளியேற்றியது. இதற்கு நல்ல விடை எவரிடமும் இருக்கவில்லை.

நீண்டகால ஆதரவு

ஆறு மாதத்திற்கொரு யோக்டோ வெளியீடு நிரலர்களுக்கு ஏற்றது. பத்தாண்டு ஓடவேண்டிய எந்திரத்தைச் செய்பவருக்கு அன்று. பலர் ஏதோ ஒரு வெளியீட்டில் தயாரிப்பை முடித்துவிட்டு அதிலேயே தங்கினர். 2021 அக்டோபரின் 3.4 வெளியீடு, ரெசிப்பி எழுதும் இலக்கணத்திலேயே அடிக்கோட்டுக் குறிக்குப் பதில் முக்காற்புள்ளியைக் கொண்டுவந்தது. மாற்றித்தரும் நிரல் இருந்தபோதிலும், நிறுவனங்கள் தமக்குள் வைத்திருந்த எண்ணற்ற அடுக்குகளை எல்லாம் தொட வேண்டியிருந்தது.

இவர்களுக்காகவே 2020 ஏப்ரலின் 3.1 வெளியீடு, டன்ஃபெல், முதல் நீண்டகால ஆதரவுப் பதிப்பாக அறிவிக்கப்பட்டது. முதலில் இரண்டாண்டு என்றிருந்த ஆதரவு பின்னர் நான்காக நீண்டது. பில்ட்ரூட் 2017.02 முதலே ஓராண்டு ஆதரவுப் பதிப்பைத் தொடங்கியிருந்தது. நீண்டகாலப் பதிப்பில் பொதியின் பதிப்பைத் தாவி ஏற்றுவதில்லை. ஓட்டையை அடைக்கும் மாற்றத்தை மட்டும் பழைய நிரலுக்குப் பின்கொண்டு வருகின்றனர். இது கேட்பதற்கு எளிது. ஐந்தாண்டுக்கு முந்தைய நிரலில், அத்திருத்தம் தொடும் செயற்கூறே இல்லாமலும் இருக்கலாம்.

பின்கொண்டு வந்த பிறகும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. அறியப்பட்ட ஓட்டைகளின் பட்டியல் பதிப்பு எண்ணைக் கொண்டே பேசுகிறது. எண் பழையது என்பதால் அடைத்த ஓட்டையும் திறந்தே இருப்பதாகத் தெரியும். ஆகவே யோக்டோவின் சோதனைக் கருவி ஒட்டுக் கோப்பிலுள்ள ஓட்டை எண்ணையும் தேடிப் பார்க்கிறது. அதை எழுத மறந்தால் செய்த வேலை கணக்கில் வராது. 2024 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னல் குழு தானே ஓட்டை எண்களை வழங்கத் தொடங்கியபின், கெர்னலுக்கு மட்டும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் எண்கள் வருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துத் தீர்ப்பது மனிதரால் இயலாத வேலையாகிவிட்டது.

அவ்வாண்டு மார்ச்சில் எக்ஸ்இசட் பொதியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கொல்லைப்புற வழி ஒன்று வைக்கப்பட்டிருந்ததை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்டுபிடித்தார். களைத்திருந்த தனியொரு பராமரிப்பாளருக்கு உதவுவதாக வந்து நம்பிக்கையைப் பெற்றவரே அதைச் செய்திருந்தார். அது குறிவைத்தது உட்பொதி சாதனங்களை அன்று. டெபியன், ஆர்பிஎம் வகைப் பொதிகளாகக் கட்டப்படும் எக்ஸ்86-64 கணினிகளையே. ஆனால் தூண்டும் பகுதி வெளியீட்டுத் தொகுப்புக் கோப்பில் மட்டும் இருந்தது. கிட் களஞ்சியத்தில் இல்லை. புதிய பதிப்பின் கூட்டுத்தொகையைச் சரிபார்த்து ஏற்றும் கட்டமைப்பு அமைப்பு எதுவும் இதைப் பிடித்திருக்க முடியாது. கூட்டுத்தொகை, இறக்கிய கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே சொல்லும்.

2024 டிசம்பர் 10இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். ஐரோப்பாவில் விற்கப்படும் மென்பொருள் கொண்ட சாதனங்களுக்குப் பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாமல் பாதுகாப்புத் திருத்தங்களை உற்பத்தியாளர் தரவேண்டும். சாதனத்திலுள்ள மென்பொருள் கூறுகளின் பட்டியலையும் வைத்திருக்க வேண்டும். அப்பட்டியலை உருவாக்கும் வசதி யோக்டோவிலும் பில்ட்ரூட்டிலும் உள்ளது. பட்டியலில் வரும் நூற்றுக்கணக்கான பொதிகளுள் பலவற்றைப் பேணுவோர் ஓரிருவர்தான். சட்டம் உற்பத்தியாளரிடம் கேட்கும் திருத்தம் பெரும்பாலும் அவர்களிடமிருந்தே வரவேண்டியிருக்கிறது.