நீரில் மிதக்கும் போர் வாகனங்கள்: வேகத்தையும் பாதுகாப்பையும் தீர்மானிக்கும் ஹைட்ராலிக் தகடுகள்

புதுதில்லி: நிலத்தில் ஓடி, ஆறு குறுக்கிட்டால் மிதந்தே கடந்து செல்லும் ராணுவ வாகனங்களின் முகப்பில் அகலமான ஓர் உலோகத் தகடு மடித்து வைக்கப்பட்டிருக்கும். வாகனம் நீரில் இறங்குவதற்கு முன் அத்தகடு நிமிர்த்தப்படும். சில வாகனங்களில் பின்புறத்திலும் இத்தகைய தகடு உண்டு. பார்வைக்கு எளிய பாகமாகத் தோன்றினாலும், வாகனம் நீரில் எவ்வளவு வேகமாகச் செல்லும், உள்ளே இருக்கும் வீரர்கள் பாதுகாப்பாகக் கரை சேர்வார்களா என்பவற்றைத் தீர்மானிப்பதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு. சாய்வுக் கோணத்தை மாற்றியமைக்கக்கூடிய ஹைட்ராலிக் தகடுகளின் வடிவமைப்பு குறித்த விளக்கம் வருமாறு:

மிதத்தல் வேறு, இறங்கிக் கடத்தல் வேறு

ஆற்றைக் கடக்கும் எல்லாக் கவச வாகனங்களும் மிதப்பவை அல்ல. டி-72 போன்ற கனரக டாங்கிகள் ஆற்றின் தரையில் ஊர்ந்தே கடக்கின்றன. கடந்த 2024-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், கிழக்கு லடாக்கின் ஷியோக் ஆற்றில் நீர்மட்டம் திடீரென உயர்ந்ததில் டி-72 டாங்கியில் இருந்த 5 ராணுவ வீரர்கள் உயிரிழந்தனர். அந்த டாங்கி மிதக்கும் வகையைச் சேர்ந்தது அல்ல.

மிதக்கும் வாகனங்களின் அடிப்படை ஆர்க்கிமிடீஸ் தத்துவம் ஆகும். 14.3 டன் எடையுள்ள பிஎம்பி-2 வாகனம் மிதக்க வேண்டுமெனில், அது ஏறத்தாழ 14.3 கன மீட்டர் நீரை இடம்பெயர்க்க வேண்டும். இதனால் வாகனத்தின் பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்துவிடுகிறது. மேல்தளத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே சிறிதளவு உயரமே எஞ்சுகிறது. தகட்டின் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

தகடு செய்யும் பணி

படகின் முகப்பு நீரைக் கிழித்துச் செல்லும் வகையில் கூர்மையானது. கவச வாகனத்தின் முகப்போ மழுங்கலானது. அது முன்னேறும்போது எதிரே நீர் குவிந்து அலையாக எழுகிறது. வேகம் கூடக்கூட அலை உயர்ந்து, முகப்பின் மீது ஏறி வாகனத்தின் மூக்கை நீருக்குள் அழுத்துகிறது. அந்நிலையில் நீர் மேல்தளத்தில் புரண்டு மூடிகள் வழியாகவும் என்ஜின் காற்றுத் திறப்புகள் வழியாகவும் உட்புகும் அபாயம் ஏற்படுகிறது. முகப்புத் தகடு அந்த அலையைத் தடுத்துத் திருப்புவதோடு, முன்பகுதிக்கு மேல்நோக்கிய விசையையும் அளிக்கிறது.

பின்தகட்டின் பணி வேறு. அது கீழ்நோக்கிச் சாயும்போது வாகனத்தின் பின்பகுதி மேலெழுகிறது. மூக்கு சற்றுத் தாழ்கிறது. அளவுக்கு மீறிச் சாய்த்தால் மூக்கு நீரில் புதையும். குறைந்த வேகத்திலோ பின்தகட்டால் பெரிய பயன் இல்லை. இழுவைத் தடை மட்டுமே கூடும். எனவே இரு தகடுகளும் ஒன்றுக்கொன்று இசைவாக இயங்க வேண்டும். வேகம், சுமை, அலையின் உயரம் ஆகியவற்றுக்கு ஏற்பப் பொருத்தமான கோணம் மாறுவதால்தான், நிலையான தகட்டுக்குப் பதிலாக மாற்றியமைக்கக்கூடிய தகடு தேவைப்படுகிறது.

விசைக் கணக்கு

நீரின் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தகட்டின் மீது நீர் நேராக மோதுவதாகக் கொண்டால், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 390 கிலோ எடைக்கு நிகரான விசை விழும். 20 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 1.6 டன்னாகவும், 40 கிலோமீட்டரில் 6.3 டன்னாகவும் உயரும்.

சிலிண்டர் தாங்க வேண்டிய விசை இதனினும் அதிகம். நீரின் விசை கீலிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவில் செயல்பட, சிலிண்டர் 10 சென்டிமீட்டர் தொலைவில் இணைக்கப்பட்டிருந்தால், அது இரண்டரை மடங்கு விசையைத் தர வேண்டும். 60 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் சுமார் 5.8 டன் விசை தரும். 20 கிலோமீட்டர் வேகத்துக்குத் தேவையான 4 டன்னுக்கு இது போதும். ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்துக்குத் தேவைப்படும் ஏறத்தாழ 16 டன்னுக்கு, 80 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டர்கள் இரண்டு வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்கும் முடிவு, சிலிண்டர், கீல், தகட்டின் தடிமன் என அனைத்தின் எடையையும் உயர்த்திவிடுகிறது.

பழுதானாலும் காக்கும் ஏற்பாடுகள்

சிலிண்டரின் வலிமை மட்டும் போதுமானதல்ல. எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் தகடு அதே கோணத்தில் நிற்கும் வகையில், சிலிண்டரின் வாயிலிலேயே பூட்டு வால்வு பொருத்தப்பட வேண்டும். பாறையோ பேரலையோ மோதும்போது அழுத்தத்தை வெளியேற்ற விடுவிப்பு வால்வும், என்ஜின் நின்றுவிட்டால் பயன்படக் கையால் இயக்கும் பம்பும் அவசியம். கடல் நீரின் உப்பு சிலிண்டர் தண்டின் குரோமியப் பூச்சை அரித்துக் குழிகளை உண்டாக்கும். அக்குழிகள் சீல்களைக் கிழிக்க, எண்ணெய் கசியும். சேறும் மணலும் கீல்களை இறுக்கிவிடும்.

நிமிர்த்திய தகடு ஓட்டுநரின் பார்வையை மறைப்பது மற்றொரு சிக்கல். பிஎம்பி-2 வாகனத்தில் இதற்காகவே, நீரில் இறங்கும்போது உயரமான தனிப் பெரிஸ்கோப் பொருத்தப்படுகிறது.

அமெரிக்க அனுபவம்

இத்தொழில்நுட்பத்தின் உச்சமாகக் கருதப்பட்டது அமெரிக்க மரைன் படைக்காக உருவாக்கப்பட்ட இஎஃப்வி வாகனம். கடலில் மணிக்கு 25 நாட், அதாவது சுமார் 46 கிலோமீட்டர் வேகம் அதன் இலக்கு. அதற்காக முன்னும் பின்னும் ஹைட்ராலிக் தகடுகள் விரிந்து, வாகனம் நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்லும்படி வடிவமைக்கப்பட்டது. நிலத்தில் 850 குதிரைத்திறனில் இயங்கிய என்ஜின், நீரில் 2,700 குதிரைத்திறனை வெளிப்படுத்த வேண்டியிருந்தது.

2006-ஆம் ஆண்டு சோதனைகளில் சராசரியாக நான்கரை மணி நேரத்துக்கு ஒருமுறை அவ்வாகனம் பழுதடைந்தது. முகப்புத் தகடும் ஹைட்ராலிக் கசிவுகளும் சிக்கலான பாகங்களின் பட்டியலில் இடம்பெற்றன. சுமார் 300 கோடி டாலர் செலவிடப்பட்ட நிலையில், 2011 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் மரைன் படை தேர்ந்தெடுத்த எட்டுச் சக்கர ஏசிவி வாகனத்தின் நீர் வேகம் சுமார் 6 நாட் மட்டுமே.

வேகம் குறைந்தால் ஆபத்து நீங்கிவிடும் என்பதும் இல்லை. 2020 ஜூலை 30 அன்று கலிஃபோர்னியா கடற்பகுதியில் பழைய ஏஏவி வாகனம் ஒன்று மூழ்கியதில் 9 பேர் உயிரிழந்தனர். பராமரிப்பு மற்றும் பயிற்சிக் குறைபாடுகளும், வீரர்களை வெளியேற்றுவதில் ஏற்பட்ட தாமதமும் விசாரணையில் காரணங்களாகக் கண்டறியப்பட்டன.

இந்தியாவின் தேவை

1971-ஆம் ஆண்டுப் போரில், அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் ஆற்றுப் படுகைகளில் இந்திய ராணுவம் மிதக்கும் பிடி-76 டாங்கிகளைப் பயன்படுத்தியது. தற்போது தெலங்கானாவின் மேடக் தொழிற்சாலையில் தயாரிக்கப்படும் 'சரத்' எனப்படும் பிஎம்பி-2 வாகனங்கள் அப்பணியைச் செய்கின்றன. நீரில் அவற்றின் வேகம் மணிக்கு சுமார் 7 கிலோமீட்டர். டிஆர்டிஓவும் டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸ் நிறுவனமும் உருவாக்கிய எட்டுச் சக்கர 'வாப்' வாகனமும், சென்னை ஆவடியில் உள்ள சிவிஆர்டிஇ ஆய்வகம் எல் அண்ட் டி நிறுவனத்துடன் இணைந்து வடிவமைத்த 25 டன் எடையுள்ள 'ஜோராவர்' இலகுரக டாங்கியும் நீரிலும் இயங்கும் நோக்கில் உருவாக்கப்பட்டவை.

பஞ்சாபின் கால்வாய்கள், வடகிழக்கின் ஆறுகள், லடாக்கின் ஏரிகள் ஆகியவற்றைக் கடக்கும் தொலைவு, கப்பலிலிருந்து கடற்கரைக்கு உள்ள தொலைவைவிடக் குறைவு. ஏறத்தாழ 6.7 மீட்டர் நீளமுள்ள வாகன உடல், நீரின் மேல் வழுக்காமல் அமிழ்ந்தபடியே செல்லும்போது, அலைத் தடையின் காரணமாக மணிக்கு 11 முதல் 12 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவது கடினம். அந்த வரம்புக்குள் இயங்கும் வாகனத்துக்குச் சிறிய சிலிண்டரும், சில கோணங்களில் மட்டும் நிற்கும் உறுதியான முகப்புத் தகடும் போதுமானவை. வரம்பைத் தாண்ட முற்பட்டால் பின்தகடு, உணரிகள், கணினிக் கட்டுப்பாடு, மூன்று மடங்குக்கும் மேற்பட்ட என்ஜின் திறன் ஆகியவை தேவைப்படுகின்றன.

எவ்வகைத் தகடாயினும், நீரில் இறங்குவதற்கு முந்தைய சோதனைகள் ஒன்றே: அடிப்பகுதி வடிகால் அடைப்புகள் மூடப்பட்டனவா, கதவுகளின் ரப்பர் விளிம்புகள் சரியாகப் பொருந்துகின்றனவா, நீர் வெளியேற்றும் பம்புகள் இயங்குகின்றனவா, தகடு முழுமையாக நிமிர்ந்து பூட்டிக்கொண்டதா. இவற்றில் ஒன்று தவறினாலும் வாகனம் கரையை விட்டு நகரக் கூடாது என்பதே அடிப்படை விதி.