கோணேசர் மலை

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலை நகரை ஒட்டிக் கடலுக்குள் நீளும் பாறைமுனை. வடக்கே பேக் பே, தெற்கே டச் பே என இரு குடாக்கள். அவற்றுக்கு நடுவே ஒடுங்கிச் செல்லும் நிலம் போகப் போக உயர்ந்து, நுனியில் செங்குத்தான பாறைச்சுவராகக் கடலில் இறங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 அடி உயரம் என்று சொல்வது வழக்கம். ஊரார் கோணேசர் மலை என்றும் சுவாமி மலை என்றும் சொல்வதை ஆங்கில வரைபடங்கள் சுவாமி ராக் என்று குறிக்கின்றன. முனையின் உச்சியில் திருக்கோணேசுவரம் என்னும் சிவன் கோயில், அதற்குச் செல்லும் வழியை முழுவதும் அடைத்துக்கொண்டு பிரெடரிக் கோட்டை, கோட்டைக்குள் புள்ளிமான்கள், பாறையின் அடிவாரத்தில், நீருக்கடியில், இடிக்கப்பட்ட பழைய கோயிலின் தூண்கள்.

மலை படிகக்கல் வகையைச் சேர்ந்த குவார்ட்சைட் பாறையாலானது. சுற்றியிருந்த மென்மையான பாறைகளைக் காலமும் கடலும் தேய்த்துவிட்டன. இது தேயாமல் நின்றது. தெற்கே கொட்டியாரக் குடாவில் மகாவலி கங்கை கடலோடு கலக்கிறது. அந்தக் குடாவிலிருந்து தொடங்கி ஆழ்கடல் வரை ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகிறது. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடல் பேராழம் கொள்வது இதனால்தான். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இங்கே அமைந்ததற்கும், திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அருகில் வருவதற்கும் இந்த ஆழமே காரணம்.

பழம் பெயர்கள்

பாலி நூலான மகாவம்சம் இந்த இடத்தைக் கோகண்ண என்கிறது, வடமொழியில் கோகர்ணம். மகாசேன மன்னன் அங்கிருந்த தேவர் கோயிலை அழித்து விகாரை எழுப்பியதாக அந்நூல் சொல்கிறது. கோயிலின் அழிவே அதைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றாக அமைந்திருக்கிறது. பின்னர் 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தின்மேல் ஒரு பதிகம் பாடினார். அது மூன்றாம் திருமுறையில் உள்ளது. அவர் கடல் தாண்டி வரவில்லை, இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடினார் என்பது மரபு. பார்க்காமல் பாடிய பாட்டு என்றாலும், பாறையில் அலை மோதும் ஓசை அதில் கேட்கிறது. மலையையும் கடலையும் சேர்த்தே அவர் தலமாகக் கொண்டார். 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதரின் திருப்புகழிலும் இவ்வூர் இடம்பெற்றது. இலங்கையில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டே: ஒன்று மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரம், மற்றது இது.

சோழர் இலங்கையின் வடபகுதியை வென்று மும்முடிச் சோழ மண்டலம் எனப் பெயரிட்ட காலத்தில் இக்கோயில் பெருநிலம் உடையதாக இருந்தது. அருகிலுள்ள நிலாவெளியில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, திருக்கோணமலையிலிருந்த மச்சகேசுவரமுடைய மகாதேவருக்கு 250 வேலி நிலம் விட்டதைப் பதிவு செய்கிறது. தஞ்சைக் கணக்கில் அது 1,600 ஏக்கருக்கு மேல். கோட்டைக்குள் கிடைத்த மற்றொரு கல்வெட்டு கிரந்த எழுத்தில் வடமொழியில் வெட்டப்பட்டது. சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், சோழகங்கதேவன் இங்கு வந்ததைச் சொல்கிறது. அது பொறிக்கப்பட்டிருப்பது ஒரு வாசல் நிலைக்கல்லில். எந்த வாசல் என்று காட்ட இன்று கட்டடம் இல்லை. நிலை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உள்ளூர் மரபில் இக்கோயிலின் பெயரோடு பிரியாமல் வருபவன் குளக்கோட்டன். சோழ அரசகுமாரனாகச் சொல்லப்படும் அவன் கோயில் திருப்பணி செய்தான், அதற்கு நெல் வேண்டுமென்று கந்தளாய்க் குளத்தையும் கட்டினான்; குளமும் கோட்டமும் கட்டியதால் குளக்கோட்டன் ஆனான் என்பார்கள். தொழும்பு செய்வோர், பூசை செய்வோர், கணக்கு வைப்போர் என்று யார் யாருக்கு எந்தக் கடமை, எந்த உரிமை என்பதைக் கோணேசர் கல்வெட்டு என்ற நூல் விரிவாகச் சொல்கிறது. தக்கிண கைலாச புராணமும் திருக்கோணாசல புராணமும் தலபுராண மரபைச் சேர்ந்தவை. கல்வெட்டுச் சோழகங்கனும் நூல்களின் குளக்கோட்டனும் ஒருவரே எனக் கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அது முடிந்துபோன வழக்கு அல்ல. ஆனால் மலையுச்சிக் கோயிலைக் கந்தளாய் வயலோடு கட்டிவைத்த அந்தக் கதை, ஒரு கோயில் எதனால் வாழ்கிறது என்பதைச் சரியாகவே சொல்கிறது.

இடிப்பு

1620களில் இலங்கையில் போர்த்துக்கேயரின் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா. திருகோணமலைத் துறைமுகம் பிறர் கைக்குப் போகாமலிருக்க அங்கே கோட்டை ஒன்று வேண்டும். கோட்டைக்குக் கல் வேண்டும். முனையில் வெட்டிச் செதுக்கிய கல் ஏராளமாக, கோயில் வடிவில் நின்றது. 1622க்கும் 1624க்கும் இடையில் கோயில் தரைமட்டமானது. சித்திரைப் புத்தாண்டு நாளில் சுவாமி நகர்வலம் போயிருந்த வேளையில், பூசகர் வேடமிட்ட வீரர்கள் உள்ளே நுழைந்தார்கள் என்பது இன்றுவரை ஊரில் சொல்லப்படும் செய்தி. போர்த்துக்கேயப் பாதிரியார் பெர்னாவு த கேறோசு 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய இலங்கை வரலாற்றிலிருந்து, இந்த முனையில் ஒன்றல்ல மூன்று கோயில்கள் இருந்தன என்றும், பல திசைகளிலிருந்தும் அடியார் திரண்டு வந்தனர் என்றும் அறிகிறோம். இடித்தவர்களின் பக்கத்திலிருந்தே இவ்வளவு தெரியவருகிறது.

கல்லில் ஒரு பகுதி கோட்டைச் சுவராயிற்று, மறுபகுதி கடலில் உருண்டது. கோட்டை வாசலில் இன்றும் ஒரு கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் சின்னமும், பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகளும் தெரிகின்றன. குளக்கோட்டன் கட்டியதைப் பின்னாளில் பறங்கியர் குலைப்பர் என்று சொல்லும் பாட்டு அது என்று படிப்பார்கள். தொல்லெழுத்து அறிஞர் அந்தச் சிதைந்த வரிகளை எப்படிக் கணித்தாலும், கோயிலுக்குள் இருந்திருக்க வேண்டிய கல் கோட்டை வாசலில் நிற்பதை எவரும் கண்ணால் பார்க்கலாம். அவசரமாக உள்ளே போகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. வலப்பக்கச் சுவரருகே சற்று நின்று பார்க்க வேண்டும்.

எல்லாத் திருமேனிகளும் பகைவர் கையில் சிக்கவில்லை. சிலவற்றை அடியார்கள் மண்ணில் புதைத்தார்கள், சிலவற்றை உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். வயல் சூழ்ந்த தம்பலகாமத்தில் ஆதிகோணேசுவரம் எழுந்தது அப்படித்தான். புதைத்தவை எங்கே என்பதை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். மண் மட்டும் அவற்றைக் காத்துக்கொண்டிருந்தது.

கோட்டையின் காலம்

இதன்பிறகு முனையின் வரலாறு கைமாறிய கொடிகளின் வரலாறு. 1639இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனின் துணையோடு போர்த்துக்கேயரை விரட்டினர். 1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து போயிற்று. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைப் பறித்தார். அந்த செப்டம்பர் 3ஆம் நாள் இரு கடற்படைகளும் இந்தக் கடலில் மோதின. கோட்டை மீண்டும் ஒல்லாந்தரிடம் போய், 1795இல் ஆங்கிலேயரிடம் நிலைத்தது. யோர்க் கோமகன் பிரெடரிக்கின் பெயர் அதற்கு 1803இல் இடப்பட்டது. இன்றும் அது இராணுவத்தின் வசமே உள்ளது. கோயிலுக்குப் போகிறவர்கள் அனைவரும் அந்த வாசலைக் கடந்தே போக வேண்டும்.

ஒல்லாந்தர் காலத்து நினைவாகக் குன்றில் ஒரு தூண் நிற்கிறது. பிரான்சினா வான் றீட் என்ற பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் அதில் உள்ளன. காதலன் கப்பலேறிப் போவதைக் கண்டு அவள் இந்தப் பாறையிலிருந்து குதித்தாள் என்று கதை. அதனால் ஆங்கிலத்தில் ‘காதலர் பாய்ச்சல்’ என்னும் பொருளில் ஒரு பெயரும் வழங்குகிறது. ஆனால் அதன்பின்னும் அவள் வாழ்ந்து மணம் செய்துகொண்டதை ஒல்லாந்த ஆவணங்கள் காட்டுகின்றன. வழிகாட்டிகள் இன்னும் குதித்த கதையையே சொல்கிறார்கள்.

கோயில் இல்லாத மூன்று நூற்றாண்டுகளிலும் வழிபாடு அறுந்துபோகவில்லை என்பதே இம்முனையின் வரலாற்றில் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி. விக்கிரகம் இல்லை, மதில் இல்லை, மணி இல்லை. பாறையையே சுவாமியாகக் கொண்டு, விளிம்பில் நின்று பூவும் தேங்காயும் கடலுக்குச் செலுத்தினார்கள். பிரித்தானிய ஆட்சியில் அதற்குத் தடை தளர்ந்தது. அந்தி வேளையில் பாறை நுனியில் நடந்த இந்தப் பூசையை இலங்கையில் உயர் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனென்ட் 1859இல் வெளியிட்ட தமது நூலில் பதிவு செய்தார். சுவாமி மலை என்ற பெயர் பொருந்துவது இதனால்தான்: கோயில் மலைமேல் இருந்ததால் மட்டும் அல்ல, கோயில் போன பின்பு மலையே கோயிலாக நின்றதால்.

மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும்

1950இல் கோட்டைக்கு அருகே நகரசபை கிணறு தோண்டியபோது மண்வெட்டியில் வெண்கலம் தட்டுப்பட்டது. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் என்று திருமேனிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் புதைத்தவர்களின் நம்பிக்கை அன்று மெய்யாயிற்று. ஊர் ஊராக அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். கோயிலை மீண்டும் எழுப்பும் முயற்சிக்கு அதுவே உந்துதல்.

ஆறாண்டு கழித்துக் கடலும் தன்னிடம் இருந்ததைக் காட்டியது. 1956இல் இலங்கைக்குக் குடிவந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும், அவருடைய நண்பர் மைக் வில்சனும் பாறையடியில் முக்குளித்தார்கள். பாசி படர்ந்த தூண்களும் செதுக்கிய கற்களும் கடல்தரையில் சிதறிக் கிடந்தன. அந்த அனுபவத்தைக் கிளார்க் 1957இல் வெளியான ‘த ரீஃப்ஸ் ஆஃப் தப்ரபேன்’ நூலில் எழுதினார். கடலில் கிடைத்த லிங்கம் ஒன்று கோயிலில் வைத்து வணங்கப்படுகிறது. வில்சன் பின்னாளில் துறவியாகி சுவாமி சிவகல்கி என்று பெயர் பூண்டார். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. பழைய அளவோடு ஒப்பிட்டால் இது சிறியதே. பழைய கோயிலின் பெருமையை அறிய விரும்புகிறவர் உச்சியில் அண்ணாந்து தேடிப் பயனில்லை. கோட்டைச் சுவரைப் பார்க்க வேண்டும், அல்லது கடலுக்குள் இறங்க வேண்டும். முக்குளிப்பவர்கள் இன்றும் அத்தூண்களுக்கிடையே மீன் கூட்டங்களைக் காண்கிறார்கள்.

மான்களும் திமிங்கிலங்களும்

கோட்டைக்குள் நுழைந்ததும் ஆலமர நிழலில் புள்ளிமான்கள் நிற்கும். கொழும்பிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளைகளுக்குக் கோணேசரைவிட இவையே முதல் நினைவு. மனிதர்களைக் கண்டு மிரளாத இந்த மான்கள் கடைவாசல்வரை வருகின்றன, கையிலிருப்பதை முகர்கின்றன. அந்தப் பழக்கமே அவற்றுக்குக் கேடு. அர்ச்சனைப் பொருள் சுற்றிவந்த பிளாஸ்டிக் பை, சாப்பாட்டுத்தாள், பிஸ்கட் உறை ஆகியவற்றை விழுங்கி மான்கள் இறந்திருக்கின்றன. சுவாமிக்கு வந்த பையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போவது இங்கே வழிபாட்டின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும்.

கடற்பக்கத்து உயிர்வளம் இன்னும் பெரிது. மார்ச், ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் வரை, வடகீழ்ப் பருவக் கொந்தளிப்பு அடங்கிய கிழக்குக் கடலில் நீலத்திமிங்கிலங்கள் வரும். கண்ணுக்கு ஓய்வு கொடுக்காமல் அடிவானத்தைப் பார்ப்பவர்களுக்கு, பாறையில் நின்றபடியே அவற்றின் மூச்சுநீர் தூணாக எழுவது சில நாட்களில் தெரியும். இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலச் சரணாலயமாகப் பன்னாட்டுத் திமிங்கில வேட்டை ஆணையம் 1979இல் அறிவித்த பின், 1982 முதல் 1984 வரை ‘டியூலிப்’ என்ற பாய்மரப் படகில் ஆய்வாளர்கள் இக்கடலில் சுற்றினார்கள். திமிங்கிலங்களைக் கொல்லாமலே அவற்றைப் படிக்க முடியும் என்று காட்டிய முன்னோடி ஆய்வுகளில் அதுவும் ஒன்று. தொடர்ந்து வந்த உள்நாட்டுப் போர், படகுகளையும் ஆய்வாளர்களையும் நீண்ட காலம் விலக்கி வைத்தது. வடக்கே நிலாவெளிக்கு எதிரே, பவளப்பாறை சூழ்ந்த புறாத்தீவு 2003இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது.

செல்வோருக்கு

நகரிலிருந்து கோட்டை வாசலுக்கு நடந்தே போகலாம். வாசலிலிருந்து கோயில்வரை மெல்ல ஏறும் பாதை. காலை வெயில் கடுமையாகும் முன்போ, அந்திப் பூசை நேரத்திலோ போவது நல்லது. உச்சியில் செருப்பைக் கழற்றிய பின் கல் காலைச் சுடும். கோயிலுக்கு வெளியே பாறையைப் பிளந்ததுபோல் ஒரு பெரிய வெடிப்பு கீழே கடல்வரை இறங்குகிறது. இது இராவணன் வெட்டு. சிவபக்தையான தன் தாய்க்காக இராவணன் இந்த மலையையே பெயர்த்தெடுக்க வாளால் வெட்டிய இடம் என்பார்கள். அவளுடைய ஈமக்கடனுக்கு அவன் உண்டாக்கியவையே ஊருக்கு மேற்கேயுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்று கதை தொடர்கிறது. சிவராத்திரியை அடுத்த நாட்களில் கோணேசர் தேரில் மலையிறங்கி ஊருக்குள் வருகிறார். வீட்டு வாசல்தோறும் நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார்கள்.

வெட்டின் விளிம்பில் கடலை நோக்கிச் சாய்ந்த மரம் ஒன்று உண்டு. பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் கட்டிய சிறு தொட்டில்களும் துணி முடிச்சுகளும் அதன் கிளைகளில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.